உங்கள் இரைச்சலைக் கொண்டு வாருங்கள்

என் கடைக்குள் ஹெட்போனைப் போட்டுப் பார்த்து யாரும் முடிவு செய்ய நான் விடுவதில்லை. கோலாலம்பூர்ப் பக்கம் செலாயாங்கில், கடைவீட்டு வரிசை ஒன்றில் கீழ்த்தளத்தில் சின்னக் கடை. ஏர்கான் ஓடும். கண்ணாடிக் கதவைச் சாத்திவிட்டால் தெருச் சத்தத்தில் பாதி வெளியே நின்றுவிடும். அந்த இடத்தில் எந்த நாய்ஸ் கேன்சலிங் ஹெட்போனைப் போட்டாலும் அருமையாகத்தான் இருக்கும். அதனால் பெட்டியைத் திறந்ததும் வாடிக்கையாளரை அஞ்சடிக்கு, அதாவது கடைக்கு முன்னால் இருக்கும் நடைபாதைக்கு, கூட்டி வந்துவிடுவேன். பத்து நிமிடம் நிற்கச் சொல்வேன். காய்கறி லோரி போகும், பஸ் போகும், பக்கத்து மோட்டார் பட்டறையில் கம்ப்ரஸர் ஓடும், சாப்பாட்டுக் கடையில் தட்டு விழும், யாராவது யாரையாவது கூப்பிடுவார்கள். இவற்றில் எது அடங்குகிறது, எது அடங்கவில்லை என்று அவரே தன் காதால் கேட்டுக்கொள்ள வேண்டும்.

அதற்கும் முன்னால் ஒரு கேள்வி கேட்பேன். "உங்களுக்கு எந்தச் சத்தம் தொந்தரவு?" பலருக்கு இது விசித்திரமாகப் படும். எந்த பிராண்டு நல்லது என்று கேட்க வந்தவர்கள் அவர்கள். ஆனால் இந்தக் கேள்விக்குப் பதில் வராமல் நான் அலமாரியைத் திறப்பதில்லை.

1989-ல், பதினேழு வயதில், மஸ்ஜித் இந்தியா பக்கம் ஒரு ரேடியோ, கேசட் பழுதுபார்க்கும் கடையில் வேலைக்குச் சேர்ந்தேன். வாக்மேன் ஹெட்போனுக்கு ஒயர் மாற்றுவதுதான் முதல் வேலை. தலைமுடியைவிடக் கொஞ்சமே தடித்த செப்புக் கம்பி, அதன்மேல் பூச்சு. பூச்சைச் சுரண்டாமல் ஈயம் வைத்தால் ஒட்டாது, அழுத்திச் சுரண்டினால் கம்பி அறுந்துவிடும். 2001-ல் செலாயாங்கில் சொந்தக் கடை போட்டேன். அன்றைக்கு ஹெட்போன் என்பது கண்ணாடி மேசையின் மூலையில் தொங்குகிற பத்து வெள்ளிச் சாமான். இன்று ஒரு நர்ஸோ ஒரு கிராப் ஓட்டுநரோ ஆயிரத்து ஐந்நூறு வெள்ளியை எண்ணி வைத்து ஒன்று வாங்குகிறார். அவருக்கு அது சின்னப் பணம் இல்லை. அது வீணாகப் போகக்கூடாது.

பாசார் போரோங்கில் கணக்கெழுதும் ஒரு தம்பியைச் சொல்கிறேன். ஊர் தூங்கும்போது விழித்திருக்கும் சந்தை அது. அவருடைய அறை குளிர் அறைக்கு ஒட்டினாற்போல் இருக்கிறது. கம்ப்ரஸர் இரவு முழுவதும் உறுமும். அவர் ஒயர் வைத்த சின்ன இயர்போனைக் காதில் திணித்துக்கொண்டு பாட்டுக் கேட்டுக்கொண்டே வேலை பார்ப்பார். என்னிடம் வந்தபோது, வழக்கமாக எவ்வளவு சத்தம் வைப்பீர்கள் என்று போனில் காட்டச் சொன்னேன். கடைசிக் கோட்டுக்கு ஒரு படி கீழே. ஒரு சத்தத்தை அதைவிடப் பெரிய சத்தத்தால் மூடிக்கொண்டிருந்தார். ஹெட்போனைப் போட்டு அஞ்சடியில் பட்டறைப் பக்கமாக நிறுத்தி, அதே பாட்டை வைத்து, போதும் என்கிற வரை கூட்டச் சொன்னேன். பாதியைத் தாண்டவில்லை. அவரே போன் திரையை இரண்டு முறை பார்த்தார். இந்தக் கருவியின் மதிப்பு முழுவதும் எனக்கு அந்த இடைவெளியில்தான் இருக்கிறது. பாட்டு இனிமையாகக் கேட்பதெல்லாம் அதற்குப் பின்னால்.

எப்படி அடங்குகிறது என்று கேட்பவர்களுக்கு ஊஞ்சலைச் சொல்லித்தான் விளக்குவேன். ஆடி வருகிற ஊஞ்சலை, அது வருகிற வேகத்துக்குச் சரியாக எதிர்ப்பக்கம் தள்ளினால் நின்றுவிடும். ஹெட்போனின் கிண்ணத்துக்கு வெளியே ஒரு மைக், உள்ளே காதுக்குப் பக்கத்தில் இன்னொரு மைக். வரும் ஒலி அலையை அவை பிடிக்கின்றன. உள்ளே இருக்கும் சில்லு அதே அலையைத் தலைகீழாக்கி ஸ்பீக்கர் வழியாக விடுகிறது. மேடும் பள்ளமும் சேர்ந்தால் சமம். மெதுவாக ஆடும் ஊஞ்சலை நிறுத்துவது எளிது. நொடிக்கு நூறு அதிர்வு உள்ள கம்ப்ரஸர் உறுமலில் ஒரு சுற்றுக்கு நூறில் ஒரு பங்கு நொடி கிடைக்கிறது. அலையின் நீளமும் மூன்றரை மீட்டருக்குப் பக்கம். சில்லுக்கு அது தாராளமான அவகாசம். தட்டு விழுகிற சத்தத்தில் நொடிக்கு ஆயிரக்கணக்கான அதிர்வு. அலை சில அங்குலம்தான். கொஞ்சம் நேரம் தவறினாலும் எதிர்த்துத் தள்ளுவதற்குப் பதிலாகச் சேர்ந்து தள்ளிவிடும். அதனால் அந்தச் சுருதி உயரத்தில் சில்லு ஒதுங்கிக்கொள்ளும். அங்கே காதைச் சுற்றியிருக்கும் குஷனும் பிளாஸ்டிக் கிண்ணமும் தடுப்பதுதான் தடுப்பு.

இது புதிய யோசனையும் இல்லை. பால் லூக் என்ற ஜெர்மானியர் 1933-லேயே விண்ணப்பித்து, 1936-ல் அமெரிக்கக் காப்புரிமை பெற்றுவிட்டார். அதைச் செய்து காட்டுவதற்கேற்ற மின்னணுவியல் அப்போது இல்லை. பிறகு அமர் போஸ். வங்காளத்திலிருந்து அமெரிக்கா போன விடுதலைப் போராளி ஒருவரின் மகன், எம்ஐடியில் பேராசிரியர். 1978-ல் சூரிக்கிலிருந்து பாஸ்டனுக்குப் பறக்கும்போது விமானத்தில் கொடுத்த ஹெட்போனைப் போட்டார். இயந்திர இரைச்சலில் பாட்டே கேட்கவில்லை. அந்தப் பயணத்திலேயே தாளை எடுத்துக் கணக்குப் போடத் தொடங்கினார். 1989-ல் விமானிகளுக்கான ஹெட்செட் விற்பனைக்கு வந்தது. நம்மைப் போன்ற பயணிகளுக்கான குவைட்கம்ஃபர்ட் 2000-ல்தான் வந்தது. தாளில் போட்ட கணக்கு கடைக்கு வர இருபத்திரண்டு வருடம். அவர் சிறுவனாக இருந்தபோது, இரண்டாம் உலகப் போர்க் காலத்தில், வீட்டு வருமானத்துக்காக ரேடியோ பழுதுபார்த்தவர் என்று படித்த நாளிலிருந்து அவர்மேல் எனக்குத் தனி மரியாதை.

விமானத்துக்காகப் பிறந்த சாமான் என்பதால் இன்றும் அது விமானத்தில்தான் மிக நன்றாக வேலை செய்கிறது. கோலாலம்பூரிலிருந்து சென்னைக்கு ஏறக்குறைய நான்கு மணி நேரம். வருடத்துக்கு இரண்டு முறை ஊருக்குப் போகிறவர், நெடுந்தூர பஸ்ஸில் பினாங்கு போய் வருகிறவர், ஏர்கான் இரைகிற அலுவலகத்தில் உட்காருகிறவர், இவர்களுக்கு நான் தயங்காமல் எடுத்துக் கொடுப்பேன்.

தயங்க வேண்டிய இடத்தில் தயங்காமல் ஒரு முறை கொடுத்துவிட்டேன். 2020 மார்ச் 18-ல் கோவிட் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்தது. ஏப்ரலில் செலாயாங் சந்தையைச் சுற்றி முள்கம்பியே போட்டுவிட்டார்கள். கொஞ்சம் தளர்ந்து கடையைத் திறந்ததும் எல்லோரும் கேட்டது ஹெட்போன். மூன்று அறை ஃப்ளாட்டில் ஒரு பிள்ளைக்கு இணைய வகுப்பு, இன்னொரு பிள்ளைக்கு இணைய வகுப்பு, அம்மாவுக்கு ஆபீஸ் மீட்டிங், கூடத்தில் பாட்டிக்கு நாடகம். ஓர் ஆசிரியை வந்தார். வீட்டிலிருந்து பாடம் நடத்துகிறேன், கைக்குழந்தை இருக்கிறது, மாமியார் பார்த்துக்கொள்கிறார், ஆனால் அழுகைச் சத்தம் காதில் விழுந்தால் எனக்குப் பாடம் ஓடவில்லை என்றார். கடையில் இருந்ததிலேயே விலை கூடியதைக் கொடுத்தேன். நான்காம் நாள் திரும்பி வந்தார்.

"அண்ணே, ஃபேன் சத்தம் கேக்கல, மழை கேக்கல. பிள்ளை அழறது மட்டும் இன்னும் நல்லாக் கேக்குது."

அவர் சொன்னது அப்படியே உண்மை. குழந்தையின் அழுகை கூர்மையான சத்தம். ஊஞ்சல் கணக்கில் பிடிபடாத உயரம். அதை மூடிக்கொண்டிருந்த விசிறியையும் மழையையும் கருவி எடுத்துவிட்டதால், மிச்சமிருந்த அழுகை தனியாக எழுந்து நின்றது. கேட்க வேண்டிய கேள்வியைக் கேட்டிருந்தேன், பதிலும் கிடைத்திருந்தது, ஆனாலும் கொடுத்துவிட்டேன். பணத்தைத் திருப்பிக் கொடுத்தேன். அவருக்கு வேண்டியிருந்தது அழுத்தமான குஷனும், அதற்குள் மெல்லியதாகத் தொடர்ந்து ஓடும் மழைச் சத்தமோ வீணையோதான். இருநூறு வெள்ளிச் சாமானில் அது நடந்தது. அன்றிலிருந்து மனிதக் குரலை அடக்கக் கேட்டு வருகிறவர்களிடம் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: குரல் குறையும், மறையாது. புதிய மாடல்கள் முன்னைவிடக் கூடுதலாகக் குறைக்கின்றன. சோனியின் 2018 எக்ஸ்எம்3-ஐயும் 2022 எக்ஸ்எம்5-ஐயும் மாற்றி மாற்றிப் போட்டால் பேச்சுக் குரலில் அந்த வித்தியாசம் தெரியும். ஆனாலும் மறையாது.

இனி குஷன். நான் பேசத் தொடங்கினால் நிறுத்தாத விஷயம் இதுதான்.

ஹெட்போனைப் போட்டு, பாட்டு எதுவும் வைக்காமல், நாய்ஸ் கேன்சலை மட்டும் இயக்கி அஞ்சடியில் நில்லுங்கள். உறுமல் அடங்கியதும் ஆள்காட்டி விரலைக் காதுமடலுக்குப் பின்னால் குஷனுக்கடியில் மெல்ல நுழையுங்கள். ஒரு நெல் தடிமன் இடைவெளி போதும். அடங்கியிருந்த தெரு முழுவதும் உள்ளே வந்துவிடும். விரலை எடுத்தால் மறுபடி அடங்கும். இப்போது உங்கள் மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு போடுங்கள். கண்ணாடியின் காம்பு குஷனைத் தூக்குகிறதா? விரல் நுழைத்தபோது கேட்ட சத்தத்தில் எவ்வளவு இப்போது கேட்கிறது? தடித்த பிளாஸ்டிக் காம்பு என்றால், ஆயிரத்து ஐந்நூறு வெள்ளிச் சாமான் ஐந்நூறு வெள்ளிச் சாமானைப் போலத்தான் நடந்துகொள்ளும். மெல்லிய உலோகக் காம்பு என்றால் பெரிய இழப்பில்லை. மெத்தென்ற குஷன் காம்பைச் சுற்றி அமுங்கிக்கொள்ளும்; விறைப்பான குஷன் தூக்கிக்கொண்டு நிற்கும்.

நம் பெண்களுக்குத் தோடு. திருகாணி காதுக்குப் பின்னால் நீட்டிக்கொண்டிருந்தால் குஷன் அதை எலும்போடு வைத்து அழுத்தும். இருபது நிமிடத்தில் வலி ஆரம்பிக்கும். அந்த வலி கடையில் தெரியாது, பஸ்ஸில்தான் தெரியும். ஆகவே பத்து நிமிடம் நிற்கச் சொல்வது சத்தத்துக்காக மட்டுமில்லை. கொண்டை போடுகிறவர்கள் கொண்டையோடு வர வேண்டும். தலைப்பட்டை உட்காரும் இடம் மாறும், கிண்ணத்தின் சாய்வும் மாறும். தூடோங் தலைத்துணி அணியும் சகோதரிகள் துணிக்கு மேலேயே போட்டுப் பார்க்க வேண்டும். துணியின் மடிப்பு ஒவ்வொன்றும் ஒரு கசிவு. மடிப்பில்லாமல் இழுத்துவிட்டுப் போட்டால் எவ்வளவு மாறுகிறது என்று பார்த்துவிட்டுத்தான் பணம் கொடுக்க வேண்டும். காதுமடல் பெரிதாக இருப்பவர்கள், மடல் உள்ளே துணியைத் தொடுகிறதா என்று கவனிக்க வேண்டும். தொட்டால், எவ்வளவு உயர்ந்த ஹெட்போனாக இருந்தாலும் அது அவருடையதில்லை.

எடையும் அப்படித்தான். சோனியின் எக்ஸ்எம்5 சுமார் 250 கிராம். ஆப்பிளின் ஏர்பாட்ஸ் மேக்ஸ் 385 கிராமுக்குப் பக்கம், எஃகும் அலுமினியமும். கையில் பிடிக்கும்போது கனம் தரமாகத் தோன்றும். கழுத்து வலிக்காரருக்கு இரண்டு மணி நேரத்தில் வேறு மாதிரித் தோன்றும். சோனியின் சிஎச்720என் 192 கிராம்தான்; பிளாஸ்டிக், விலையும் குறைவு. அறுபது வயதைத் தாண்டியவர்கள் மின்னல் எஃப்எம்மும் பழைய பாட்டும் கேட்கக் கேட்டால் அந்த மாதிரி இலேசானதைத்தான் முதலில் தலையில் வைக்கிறேன்.

குஷனை மூடியிருக்கும் தோல் பெரும்பாலும் தோலே இல்லை, பாலியூரித்தேன் பூச்சு. நம் நாட்டு ஈரக் காற்றுக்கும் வியர்வைக்கும் அது மெதுவாகச் சிதைகிறது. முதலில் பிசுபிசுப்பு, பிறகு சுருக்கம், பிறகு ஒரு நாள் கழற்றும்போது காதோரம் கறுப்புச் செதில்கள். தேங்காய் எண்ணெய் தேய்க்கும் தலை என்றால் இன்னும் சீக்கிரம். பெட்டிக்குள் பூட்டி வைத்தாலும் உரியும். "அண்ணே, நான் போடவே இல்லையே" என்று வருத்தப்பட்டு வருகிறவர்கள் நிறைய. போட்டுக் கழற்றியதும் காய்ந்த துணியால் துடையுங்கள், காற்றாட வையுங்கள், ஈரத்தோடு பெட்டிக்குள் மூடாதீர்கள். வாங்கும்போதே கேளுங்கள்: இதற்கு மாற்றுக் குஷன் கிடைக்குமா, கையால் கழற்றலாமா? சில மாடல்களில் சின்னக் கொக்கிகள். நகத்தால் நெம்பினால் டக் டக்கென்று வந்துவிடும். சிலவற்றில் ஒட்டியிருக்கும். மாற்றுக் குஷனும் கண்டபடி வாங்கக் கூடாது. உள் மைக்குக்கு முன்னால் இருக்கும் திறப்பு ஒரு மில்லிமீட்டர் நகர்ந்தாலும், பஞ்சு மாறினாலும், சில்லு போட்டு வைத்திருக்கும் கணக்கு தவறும். மலிவான குஷன் மாற்றிய பிறகு "உள்ளே ஊ என்று கேட்கிறது" என்று கொண்டு வருவார்கள். குஷனைக் கழற்றி ஒரிஜினலை மாட்டியதும் அந்த ஊளை நின்றுவிடும்.

போலிகளைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். சில வருடங்களுக்கு முன் ஒரு சப்ளையர் பாதி விலைக்குப் பத்து செட் கொண்டு வந்து வைத்தார். பெட்டி, பை, புத்தகம், எல்லாம் அச்சு அசல். இரண்டை விற்றும்விட்டேன். மூன்றாவதை அஞ்சடியில் நானே போட்டேன். நாய்ஸ் கேன்சல் பட்டனை அழுத்தினால் பச்சை விளக்கு எரிகிறது, பெண் குரல் "ஆன்" என்கிறது, கம்ப்ரஸர் உறுமல் அப்படியே இருக்கிறது. மேசைக்குக் கொண்டு வந்து குஷனைக் கழற்றி, நான்கு திருகையும் எடுத்துக் கிண்ணத்தைத் திறந்தேன். வெளியே மைக் துளை இருக்கும் இடத்துக்கு நேர் உள்ளே ஒரு சின்னக் கறுப்புத் துணி வட்டம் ஒட்டியிருந்தது. துணிக்குப் பின்னால் ஒன்றுமில்லை. மைக் இல்லை, மைக்குக்குப் போக வேண்டிய ஒயரும் இல்லை. வாங்கிய இரண்டு பேரையும் போன் செய்து வரவழைத்துப் பணத்தைக் கொடுத்தேன். சப்ளையர் எட்டு செட்டைத் திரும்ப எடுத்துக்கொண்டார். அவருடைய வியாபாரம் அத்தோடு என் கடையில் முடிந்தது. அன்று என்னை நம்பி வாங்கியவர்களில் ஒருவர் கல்லூரிச் சம்பளம் கட்டப் பகுதி நேர வேலை பார்க்கும் மாணவி. இன்றும் அதை நினைத்தால் முகம் சூடாகிறது.

ப்ளூடூத் வானொலி அலை விடுகிற சாதனம் என்பதால் இந்நாட்டில் முறையாக விற்பதற்குச் சிரிம் என்ற அமைப்பின் சான்றும் அதற்கான முத்திரையும் வேண்டும். பெட்டியில் அதைத் தேடுங்கள். ஏபி செட் என்று நாங்கள் சொல்வது வேறு: சாமான் அசல்தான், ஆனால் அதிகாரபூர்வ விநியோகஸ்தர் வழியாக வராதது. விலை குறையும். உத்தரவாதம் கடைக்காரர் கையில். கடை இருக்கும் வரை அது இருக்கும். அதிகாரபூர்வ செட்டோ ஏபி செட்டோ, தெரிந்து வாங்குவதில் தவறில்லை, தெரியாமல் வாங்குவதில்தான் வருத்தம். இன்னொரு சந்தேகம் அடிக்கடி வரும்: "மேட் இன் மலேசியா போட்டிருக்கு, அப்போ டூப்ளிகேட்டா?" சோனியின் எக்ஸ்எம்4 பலவற்றில் அப்படித்தான் போட்டிருக்கும், அது அசல்தான். பினாங்கிலும் பங்கியிலும் அவர்களுக்கு ஆலை இருந்தது; 2021-ல் பினாங்கு ஆலையின் வேலையைச் சிலாங்கூருக்கு மாற்றி ஒன்றாக்கினார்கள். உலகம் முழுவதும் தலையில் மாட்டிக்கொள்கிற சாமானை நம் ஊர்ப் பெண்களும் ஆண்களும் ஷிப்டு போட்டுக் கோத்திருக்கிறார்கள். அந்த வரியைப் பார்த்துச் சந்தேகப்படுகிறவர்களிடம் இதைக் கொஞ்சம் அழுத்தியே சொல்வேன்.

மற்றவற்றை வேகமாகச் சொல்லிவிடலாம். பேட்டரி இன்று பல நல்ல செட்டுகளில் முப்பது மணி நேரத்துக்குப் பக்கம்; சென்ஹைசர் மொமன்ட்டம் 4-க்கு அறுபது. அதற்காக மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம், ஆனால் மாதக்கணக்கில் சார்ஜ் போடாமல் கிடப்பில் போட்டால் பேட்டரி செத்துவிடும். எல்டிஏசி என்ற ப்ளூடூத் ஒலி முறை நொடிக்கு 990 கிலோபிட் வரை அனுப்பும் என்று பெட்டியில் பெரிதாகப் போட்டிருப்பார்கள். ஐபோனில் அது கிடையாது, ஏஏசி என்ற வேறு முறைதான். ஓடும் ரயிலில் இரண்டுக்கும் வித்தியாசம் கண்டுபிடித்த ஒருவரையும் நான் பார்த்ததில்லை. போனிலும் லேப்டாப்பிலும் ஒரே நேரத்தில் இணையுமா என்பது அதைவிட முக்கியம். ஒயர் மாட்டும் ஓட்டை இருக்கிறதா என்று பாருங்கள், விமானத்தில் உதவும். பேசுவதற்கு மைக் எப்படி என்று தெரிய, அஞ்சடியில் நின்று வீட்டுக்கு ஒரு போன் போடுங்கள். உங்களுக்குக் கேட்பதை விடுங்கள், அவர்களுக்கு என்ன கேட்கிறது என்று கேளுங்கள்.

சிலருக்கு நாய்ஸ் கேன்சல் போட்டதுமே காது அடைத்துக்கொள்ளும். கெந்திங் மலை ஏறும்போது அடைக்குமே, அதே மாதிரி. காற்றழுத்தம் ஒன்றும் மாறுவதில்லை, தாழ்ந்த ஒலி திடீரென்று போனதை உடம்பு அப்படி உணர்கிறது. அளவைக் குறைக்க வழி இருக்கும் மாடலைக் கொடுத்துப் பார்ப்பேன். அப்போதும் தலை சுற்றுகிறது என்றால் விற்கமாட்டேன். மோட்டாரில் போட்டுக்கொண்டு போக வேண்டும் என்பவருக்கும் விற்கமாட்டேன். பின்னால் வரும் லோரியின் ஹார்ன் அவர் காதில் விழ வேண்டும். பகலில் தூங்க வேண்டும் என்று கேட்டு வந்த இரவு ஷிப்டு நர்ஸ் ஒருவரையும் திருப்பி அனுப்பினேன். ஒருக்களித்துப் படுத்தால் கிண்ணம் நகர்ந்துவிடும், கசிந்துவிடும், காதும் வலிக்கும். மருந்துக் கடையில் சில வெள்ளிக்குக் கிடைக்கும் பஞ்சு அடைப்பானை எப்படி உருட்டி, காதுமடலை மேலே இழுத்து, உள்ளே வைத்து விரிய விடுவது என்று காட்டிக் கொடுத்தேன்.

என் அப்பா ரவாங் பக்கம் ஒரு தோட்டத்து ரப்பர் ஆலையில் ரோலர் மெஷினில் வேலை செய்தவர். ஐம்பது வயதில் வாசலில் நின்று கூப்பிட்டால் கேட்காது. காதுக்குள் எப்போதும் வண்டு ரீங்காரம் போடுகிறது என்பார். அந்தக் காலத்தில் யாரும் அவர் காதுக்கு எதுவும் கொடுக்கவில்லை. இன்று 2019 விதிமுறைப்படி இந்நாட்டுத் தொழிலிடத்தில் ஒரு நாள் இரைச்சல் 85 டெசிபலைத் தாண்டக் கூடாது. அது எட்டு மணி நேரக் கணக்கு. மூன்று டெசிபல் ஏறினால் பாதி நேரம்தான். 88-க்கு நான்கு மணி, 100-க்குக் கால் மணி நேரம். ஹெட்போனைக் கடைசிக் கோடு வரை ஏற்றி வைப்பவர்கள் ஆலைக்குப் போகாமலே அந்தக் கணக்குக்குள் வந்துவிடுகிறார்கள். உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்கு வாரம் 40 மணி நேரத்துக்கு 80 டெசிபல் என்கிறது, பிள்ளைகளுக்கு 75. பிள்ளைகளுக்கு வாங்க வரும் பெற்றோர் போனில் ஒலி வரம்பைப் போட்டுவிட்டுத்தான் கடையை விட்டுப் போவார்கள். நானே உட்கார்ந்து போட்டுக் கொடுப்பேன்.

இரண்டு வருடத்துக்கு முன், தைப்பூசத்துக்குப் பத்து நாள் இருக்கும்போது, உறுமி மேளக் குழுத் தம்பி ஒருவர் வந்தார். பத்துமலைக்குக் காவடியோடு அடிக்கிறவர். பத்தொன்பது வயதிருக்கும். பெரிய ஹெட்போன் ஒன்றைக் காட்டி, "அங்கிள், இதப் போட்டுக்கிட்டு அடிச்சா காது தப்பிக்குமா? போன வருஷம் முடிஞ்சதும் மூணு நாள் கொய்ங்ன்னுச்சு" என்றார்.

அந்தக் கொய்ங் எனக்குத் தெரிந்த சத்தம். உட்கார வைத்தேன். உறுமியும் தப்பும் சேர்ந்து அடிக்கும்போது வருவது திடீர் திடீரென்று வெடிக்கும் அடி. இந்தச் சில்லு ஓடிக்கொண்டே இருக்கும் உறுமலுக்குப் பழகியது. அந்த அடி வந்து போன பிறகுதான் அது எதிர்ப்பக்கம் கையை நீட்டும். மைக்கும் திணறும். இத்தனை டெசிபல் தடுக்கும் என்று சோதித்துச் சான்று பெற்ற காதுக் கவசம் வேறு, இது வேறு. வெயிலில் வியர்வையோடு நடக்கும்போது இது தலையில் நிற்கவும் நிற்காது. பாட்டின் இழை கெடாமல் எல்லா உயரத்தையும் ஒரே அளவாகக் குறைக்கும் இசைக்கலைஞர் அடைப்பான்கள் இருக்கின்றன, இரண்டு மூன்று அடுக்குக் குடை மாதிரி ரப்பர், ஐம்பது அறுபது வெள்ளிக்குள். ஒரு ஜோடி வரவழைத்துக் கொடுத்தேன். முதலில் போட்டதும் முகம் சுளித்தார். என் அடி எனக்கே தூரமாகக் கேட்கிறது என்றார். மூன்று நாள் ஒத்திகையில் போட்டுப் பாருங்கள், பிடிக்கவில்லை என்றால் பணத்தைத் திருப்பித் தருகிறேன் என்று சொல்லி அனுப்பினேன்.

தைப்பூசம் முடிந்த மறு வாரம் வந்தார். கொய்ங் இல்லையாம். கூட அடிக்கிற ஆறு பேருக்கும் வேண்டும் என்று கையில் காசோடு வந்திருந்தார். அவர்களில் ஒருவருக்குப் பதினான்கு வயது, காதுத் துவாரம் சிறியது. சின்ன அளவு இருக்கிறதா என்று கேட்டார். இருந்த ஒரு ஜோடியை எடுத்துக் கொடுத்துவிட்டு, மிச்சத்துக்கு ஒரு பெட்டி ஆர்டர் போட்டேன். இப்போது அந்தப் பெட்டி கல்லாவுக்குப் பக்கத்தில், ஹெட்போன்களுக்கு முன்னால் இருக்கிறது.